கடைப் பணியில் நீதம்



ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்புக்கு நம் தாங்கல்களில் பெரியவர்கள் வருகிறார்கள், சிறு பிள்ளைகள் வருகிறார்கள். இருபது வயது முதல் முப்பத்தைந்து வயது வரை உள்ளவர்களைக் காண்பதுதான் அரிதாகிவிட்டது. வீட்டில் விசாரித்தால், "அவன் கடைக்குப் போயிருக்கான்", "அவ ஜவுளிக்கடையில நிக்கா" என்று பதில் வருகிறது. ஞாயிறுதான் கடையில் கூட்டம் வரும் நாள். ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல், கல்யாண மாதங்கள் என்றால் வார விடுமுறையும் கிடையாது. நாகர்கோவில், திருநெல்வேலி, சென்னைத் தியாகராய நகர், திருவனந்தபுரம் சாலைக் கடைவீதி என எங்கெங்கோ நம் பிள்ளைகள் கடைகளில் நின்று பிழைக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்தப் பாடம். கடை முதலாளிகளுக்குச் சொல்ல வேண்டியதும் கொஞ்சம் உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

கடையில் நிற்கும் பிள்ளைகள் நம்மிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "முதலாளி சொல்லச் சொல்கிறார், நான் சொல்கிறேன். அதில் பொய் இருந்தால் பாவம் எனக்கா, அவருக்கா?"

சட்டத்தைக் கேட்டால் பதில் எளிது. நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தால் அது பெரும்பாலும் கடையின் பெயரில்தான் வரும். சேலையை விரித்துக் காட்டிய பெண்ணின் பெயர் அந்தத் தாளில் இருக்காது. ஆனால் நாம் பேசுவது நீதத்தை. அதற்குப் பழைய காலத்தைச் சற்று நினைக்க வேண்டும். அய்யா அவதரித்த கொல்லம் 1008-ஆம் ஆண்டு (1833) வாக்கில், திருவிதாங்கூரில் பதினெண் சாதி மக்கள் கூலியில்லாமல் ஊழியம் செய்தார்கள். தலைக்கு வரி, பனைக்கு வரி என்று கொடுத்தார்கள். பொது வீதிகளில் நடக்கவும் தடை இருந்தது. ஊழியக்காரனுக்கு "மாட்டேன்" என்று சொல்ல வாய் கிடையாது. சுமை சுமக்கச் சொன்னால் சுமக்க வேண்டும். அவன் செய்ததற்கு அவனைக் குற்றம் சொல்ல முடியாது. இன்று கடையில் நிற்பவன் ஊழியக்காரன் அல்ல. அவனுக்குச் சம்பளம் உண்டு, மாற்றிடம் தேடும் வழியும் கொஞ்சமாவது உண்டு. எவ்வளவுக்கு "மாட்டேன்" என்று சொல்ல முடிகிறதோ அவ்வளவுக்குப் பொறுப்பும் அவனுடையது. ஆகவே நம் பதில்: பாவம் முழுவதும் முதலாளிக்கும் அல்ல, முழுவதும் உனக்கும் அல்ல. உன் நாவால் சொன்ன பங்கு உன்னுடையது.

இதைப் பொதுவாகப் பேசினால் எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம். கடைக்குள்ளேயே போய்ப் பார்ப்போம்.

நகைக்கடையில் தொடங்குவோம். ஏழை வீட்டில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் என்றால், ஐந்தாறு வருடச் சீட்டுப் பணமும், சில நேரம் வட்டிக்கு வாங்கிய பணமும் சேர்ந்துதான் அந்தக் கடைக்குள் வருகிறது. ஒரு நெக்லஸ் 24 கிராம் எடை, அதாவது மூன்று பவுன். அதில் கல் மட்டும் 3 கிராம். கணக்குக்கு எளிதாக ஒரு கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கல்லின் எடையைக் கழிக்காமல் பில் போட்டால், கல்லுக்குத் தங்க விலையாக 30,000 ரூபாய் போய்விடும். கழித்தால் தங்கம் 21 கிராம். இனி சேதாரம். 12 சதவீதம் என்றால் 25,200 ரூபாய். 18 சதவீதம் என்றால் 37,800 ரூபாய். வித்தியாசம் 12,600. எந்த டிசைனுக்கு எத்தனை சதவீதம், அதில் எவ்வளவு குறைக்கலாம் என்பது காட்டும் பையனுக்குத் தெரியும். எதிரே உட்கார்ந்திருக்கும் தாய்க்குத் தெரியாது. அவர் கழுத்தில் வைத்துப் பார்த்துக் கண் கலங்குகிறார். அந்த நேரத்தில் "இதுக்கு மேல குறைக்க முடியாதும்மா, எங்களுக்கு ஒண்ணும் நிக்காது" என்று அவன் சொல்வது உண்மைதானா என்பதே அங்கே கேள்வி.

நம் பள்ளியறையில் கண்ணாடி வைத்து, அதில் தெரியும் நம் உருவத்தின் முன்னால் நின்று வணங்குகிறோம். உள்ளே இருப்பவனை மறக்கக் கூடாது என்பதற்காக. நகைக்கடையிலும் எங்கு திரும்பினாலும் கண்ணாடிதான். வாங்க வந்தவர் நகையைப் பார்க்கும் அதே கண்ணாடியில் விற்பவன் முகமும் தெரிகிறது.

செய்ய வேண்டியது கடினமான காரியம் அல்ல. மொத்த எடை எவ்வளவு, கல் எடை எவ்வளவு, தங்கத்தின் நிகர எடை எவ்வளவு, சேதாரம் எத்தனை சதவீதம், செய்கூலி உண்டா, கல்லுக்குத் தனி விலை எவ்வளவு என்பதை, அவர் கேட்காவிட்டாலும் தாளில் எழுதிக் காட்டு. "சேதாரம் இல்லை" என்று விளம்பரம் செய்யும் இடங்களில் அந்தப் பணம் செய்கூலியிலோ கல் விலையிலோ போய் ஒளிந்திருக்கலாம். ஒளிந்திருந்தால் அதையும் சொல். ஹால்மார்க் முத்திரை 2021 ஜூன் மாதத்திலிருந்து படிப்படியாகக் கட்டாயம் ஆனது. 2023 ஏப்ரல் 1 முதல் எழுத்தும் எண்ணுமாக ஆறு இலக்கக் குறியீடு பொறித்த நகையைத்தான் கடைக்காரர் விற்கலாம். இரண்டு கிராமுக்குக் குறைந்த சிறு நகைகளுக்கு விலக்கு உண்டு. அந்தக் குறியீட்டைப் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டி, பிஐஎஸ் கேர் என்ற செயலியில் போட்டுப் பார்க்கவும் சொல்லிக்கொடு. 916 என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், அதாவது 22 காரட். 750 என்றால் 18 காரட். இன்றும் சிலர் "கேடிஎம் தங்கம்" என்று பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள். கேடிஎம் என்பது காட்மியம் கலந்து பற்றவைக்கும் முறையின் பெயர். அது தங்கத்தின் தரத்துக்கான முத்திரை அல்ல. தெரியாமல் சொன்னால் அறியாமை, தெரிந்தபின் சொன்னால் பொய்.

ஜவுளிக்கடையில் கதை வேறு. அங்கே தொகை சிறியது, பொய்யின் எண்ணிக்கை பெரியது. "சாயம் போகாது", "சுருங்காது", "சுத்தப் பட்டு", "இது கடைசிப் பீஸ்", "நேற்று வரை இரண்டாயிரம், இன்றைக்குத்தான் ஆயிரத்து இருநூறு." ஒரு நாளைக்கு எத்தனை முறை இந்த வார்த்தைகள் வாயிலிருந்து வருகின்றன என்று எண்ணிப் பார்த்தால் பேசுகிறவருக்கே திகைப்பாக இருக்கும். பட்டில் உண்மை அறிய வழி இருக்கிறது. மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004-இல் வந்த சில்க் மார்க் அட்டை சுத்தப் பட்டில் தொங்கும். இழை ஒன்றை எரித்தால் பட்டு முடி கருகும் வாடையோடு பொடியாக உதிரும், பாலியஸ்டர் உருகி மணியாகத் திரளும். இதெல்லாம் சேலை காட்டும் பெண்ணுக்குத் தெரியும். கிராமத்திலிருந்து வந்த பாட்டி, "மக்களே, இது நல்ல பட்டுதானா?" என்று கேட்கும்போது, "பாட்டி, இது கலப்பு. பார்க்கப் பட்டு மாதிரியே இருக்கும், துவைக்கச் சுலபம். சுத்தப் பட்டு வேணும்னா அந்தப் பக்கம் இருக்கு, ஆனா விலை கூட" என்று சொல்வதால் வியாபாரம் கெட்டுவிடாது. பல பேர் கலப்பையே வாங்குவார்கள், விலைக்காக. கலப்பைப் பட்டு என்று சொல்லிப் பட்டு விலைக்குக் கொடுப்பதுதான் தவறு.

இன்னொன்று, பில்லின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சடித்திருப்பார்கள். சாயம் ஊறிய சேலையோடு ஒருவர் திரும்பி வந்தால் அந்த வரியைச் சுட்டிக்காட்டி அனுப்பிவிடச் சொல்வார்கள். 2020 ஜூலை 20 முதல் நடப்பில் இருக்கும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதற்கு இடம் கொடுக்கவில்லை. பழுதான பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் முப்பது நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணத்தைக் கொடுக்க மறுப்பது முறையற்ற வணிகம் என்று அது சொல்கிறது. பில் கொடுக்காமல் இருப்பதும் அப்படியே. பிடிக்கவில்லை என்று கொண்டுவருவது வேறு. பழுது என்று கொண்டுவருவதை அந்த அச்சு வரி தடுக்காது. கவுண்டரில் நிற்கும் பிள்ளை இதைத் தெரிந்துவைத்திருந்தால், முதியவர் ஒருவரை வெறுங்கையோடு அனுப்பும் பழி குறையும்.

மளிகை, பலகாரக் கடைகளில் தராசுதான் சாட்சி. தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவு முத்திரை வைத்த தராசாக அது இருக்க வேண்டும். ஆனால் முத்திரை வைத்த தராசிலும் அட்டைப் பெட்டியோடு லட்டை நிறுத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். காலிப் பெட்டியை முதலில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கும் பொத்தான் அந்தத் தராசிலேயே இருக்கிறது. அதை அழுத்த ஒரு நொடி ஆகும். தேதி முடிய இருக்கும் பொருளை முன்வரிசையில் அடுக்குவது தவறல்ல, அது சரக்கு வீணாகாமல் காக்கும் நல்ல பழக்கம்தான். தேதி முடிந்ததை அடுக்குவதும், தேதியை அழிப்பதும் வேறு. சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுப்பதைச் சின்ன விஷயம் என்பார்கள். அதே மிட்டாயைத் திருப்பிக் கொடுத்து அவர் உப்பு வாங்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். மருந்துக் கடையில் எழுதிய மருந்து இல்லாதபோது, மருந்தாளுநர் வெளியே போயிருக்க, "இதுவும் அதேதான்" என்று உதவியாளன் எடுத்துக்கொடுப்பது பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. அது கூடாது, அவ்வளவுதான். கைபேசிக் கடையில் "வட்டியே இல்லை" என்று தவணைக்குக் கையெழுத்து வாங்கும்போது பிராசஸிங் கட்டணத்தையும், கேட்காமலே சேர்த்த காப்பீட்டையும் வாயால் சொல்லிவிடு.

இப்போது கைக்கூலிக்கு வருவோம். காணிக்கை கேளாதே, கைக்கூலி தேடாதே என்பது நம் வழியில் பிள்ளைப் பருவத்திலேயே காதில் விழும் பாடம். கைக்கூலி என்றால் தாலுகா அலுவலகம்தான் நம் நினைவுக்கு வரும். வன்பொருள் கடைக்குள் போய்ப் பாருங்கள். பெயிண்ட் டப்பாவுக்குள் பெயிண்டருக்கு டோக்கன். டைல்ஸ் வாங்க ஆள் கூட்டிவந்த கொத்தனாருக்குக் கமிஷன். குழாய்ச் சாமான் எழுதிக்கொடுத்த பிளம்பருக்கு ஒரு பங்கு. வீடு கட்டுகிறவர் அந்தப் பங்கையும் சேர்த்துத்தான் பணம் கட்டுகிறார், அவருக்கு அது தெரியாது. கடைப் பையனுக்கும் உண்டு: இந்தக் கம்பெனி மிக்ஸியை இந்த மாதம் பத்து விற்றால் இவ்வளவு என்று கம்பெனிக்காரர் தனியாகக் கொடுத்துவிட்டுப் போவார். "அக்கா, நான் எங்க வீட்டுக்கே இதுதான் வாங்கினேன்" என்ற பேச்சு அங்கேதான் பிறக்கிறது. முதலாளி எல்லாருக்கும் தெரிய, எந்தப் பொருள் விற்றாலும் ஒரே மாதிரி கொடுக்கும் ஊக்கத்தொகை உழைப்புக்கான கூலி. அதில் குறை இல்லை. வாங்குகிறவருக்குத் தெரியாமல், ஒரு பொருளைத் தள்ளிவிடுவதற்காக வரும் பணம் கைக்கூலி. "இந்தப் பணம் எனக்கு எதற்காக வருகிறது என்பதை வாங்குகிறவர் முன்னால் சொல்ல முடியுமா?" என்று கேட்டுப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவில் குழப்பம் வராது.

உண்மை சொல்வது என்றால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்றும் சிலர் பயப்படுகிறார்கள். அப்படி அல்ல. எதிர்க்கடையில் நூறு ரூபாய் குறைவு என்று சொல்லும் கடமை உனக்கு இல்லை. முதலாளி என்ன விலைக்கு வாங்கினார் என்று சொல்லும் கடமையும் இல்லை, உரிமையும் இல்லை. அவர் சோற்றைத் தின்றுகொண்டு அவர் கணக்கை வெளியே சொல்வதும், உறவுக்காரருக்கு மட்டும் பில் இல்லாமல் எடுத்துக்கொடுப்பதும் இன்னொரு வகைக் களவு. வாங்க வந்தவரிடம் இல்லாததை இருக்கிறது என்று சொல்லாதே. கேட்டால் உள்ளதைச் சொல். அவருக்குக் கேட்கத் தெரியாத இடத்தில், ஆனால் தெரியாமல் போனால் உடலுக்கோ பெருந்தொகைக்கோ கேடு வரும் இடத்தில், கேட்காமலே சொல். தங்கத்தின் தரம், மருந்து, தேதி முடிந்த உணவு, மின்சாரச் சாமான், தவணைக் கணக்கு இவை அந்த வகை. சேலையின் நிறம் அவருக்குப் பொருந்துகிறதா என்பது அந்த வகை அல்ல. அதில் நல்லதாக நாலு வார்த்தை சொல்வது மரியாதை.

நம் தாங்கலுக்கு வரும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரும் கடையும் வேண்டாம். வெளியூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் இருந்தாள். கடை விடுதியிலேயே தங்கல், சாப்பாடு. தேங்கிப்போன சேலைக்கட்டு ஒன்றை முடித்தால் தனி ஊக்கத்தொகை என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். அந்தச் சேலைக்குத் துவைத்தால் சாயம் போகும் என்று எல்லாருக்கும் தெரியும். வாங்க வந்த ஒரு வயதான அம்மா, நெற்றியில் இவள் இட்டிருந்த நாமத்தைப் பார்த்து, "நீ அய்யா பிள்ளைதானே, சொல்லு மக்களே, சாயம் நிக்குமா?" என்று கேட்டுவிட்டார். இவள் "நிக்காது அம்மா" என்றாள். அவர் வாங்காமல் போனார். மேற்பார்வையாளர் அதைக் கேட்டுவிட்டு இவளை விற்பனையிலிருந்து எடுத்து, கிடங்கில் சேலை மடிக்கப் போட்டார். அந்த மாத ஊக்கத்தொகை போயிற்று. அந்த அம்மா திரும்பி வந்து புகழவும் இல்லை, முதலாளி அழைத்துப் பாராட்டவும் இல்லை. தீபாவளி முடிந்து அவள் ஊருக்கு வந்து, ஆயிரத்து ஐநூறு ரூபாய் குறைந்த சம்பளத்துக்கு இங்கே ஒரு சிறு கடையில் சேர்ந்தாள். அவள் அம்மாவுக்கு மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்க வேண்டும். அந்த ஆயிரத்து ஐநூறு சின்னத் தொகை அல்ல.

இதைச் சொல்லிவிட்டு "எல்லாரும் இப்படி இருங்கள்" என்று எழுதுவது எழுதுகிறவனுக்குச் சுலபம். விடுதியில் தங்கி, வீட்டுக் கடனைச் சுமந்து நிற்கும் பிள்ளைக்கு "மாட்டேன்" என்று சொல்ல எவ்வளவு இடம் இருக்கிறது? முதலில் சொன்ன ஊழியக்காரனின் நிலைக்கு அவள் எவ்வளவு பக்கத்தில் நிற்கிறாள்? பழியை அளக்கும்போது இதையும் அளக்க வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளைகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பொய்யைத் தவிர்த்துவிட்டு, "எனக்கு உறுதியாத் தெரியலைம்மா, சின்ன ஓரத்தை நனைச்சுப் பார்த்துட்டு வாங்குங்க" என்று சொல்லலாம். பெரிய வீரம் அதில் இல்லை. ஆனாலும் அந்த அம்மா ஏமாறாமல் போவார்.

மீதிப் பாரம் நம்மில் கடை வைத்திருப்பவர்களுக்கு. பந்தியில் எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்து உம்பான் உண்ணும் நாம், கடையில் பன்னிரண்டு மணி நேரம் ஒரு பெண்ணை நிற்கவைத்துவிட்டு அவள் முகம் சிரிக்கவில்லை என்று கோபிக்கிறோம். தமிழ்நாட்டுக் கடைகள் சட்டத்தில் 2021-இல் திருத்தம் செய்து, பணியாளர்களுக்கு இருக்கை வைக்க வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். உங்கள் கடையில் அந்த இருக்கை இருக்கிறதா, இருந்தும் உட்கார்ந்தால் முறைக்கிறீர்களா என்று நீங்களே பாருங்கள். தேங்கிய சரக்குக்குத் தனி ஊக்கத்தொகை வைப்பதற்கு முன், அந்தச் சரக்கில் என்ன குறை என்பதைச் சீட்டில் எழுதி விலையைக் குறைத்துப் போடுங்கள். குறை தெரிந்து வாங்கவும் ஆள் உண்டு. பொய் சொல்ல மறுத்ததற்காக வேலை இழந்த பிள்ளை யாராவது நம் ஊரில் இருந்தால், அந்தப் பிள்ளையை முதலில் உங்கள் கடையில் கேளுங்கள். கல்லாவில் உட்காரவைக்க அதைவிட நல்ல ஆள் கிடைப்பது கடினம்.

குறோணியின் ஆறு துண்டங்களில் கடைசியானது கலியனாக இந்த யுகத்தில் நிற்கிறது என்று திருஏடு வாசிப்பில் கேட்கிறோம். பலர் அவனைக் கொம்பும் கோரைப்பல்லுமாக நினைத்துக்கொள்கிறார்கள். "எல்லாக் கடையிலும் இப்படித்தான்" என்று நம் வாயிலிருந்து வரும் பேச்சிலும் அவன் குரல்தான் கேட்கிறது என்பது என் எண்ணம்.

வாங்குகிற பக்கம் நின்று ஏமாந்தவர்களுக்கும் ஒரு சொல். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில்லை எறிந்துவிடாதீர்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. ஆனால் புகாருக்குப் போகும் முன் கடைக்குப் போய் முதலாளியிடம் நேரில் பேசுங்கள். காட்டிக்கொடுத்த பையனைப் பிடித்துக் கத்தாதீர்கள். பெரும்பாலும் அவன் கையில் எதுவும் இல்லை.

வரும் மாதத்து முதல் ஞாயிறு உச்சிப்படிப்பு முடிந்து, உம்பான் ஆனபின் ஒரு மணி நேரம் இதையே வைத்துப் பேசலாம் என்று இருக்கிறோம். வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு நகை பில்லையும், ஒரு ஜவுளி பில்லையும் எடுத்துவாருங்கள். மொத்த எடை, கல் எடை, சேதாரம் எல்லாம் எங்கே எழுதியிருக்கிறது, எழுதாமல் விட்டது எது என்று சேர்ந்து படிப்போம். கடைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஞாயிறு வர முடியாது என்பது தெரியும். அவர்களுக்காக அதே பாடம் மறுநாள் திங்கள் இரவு கடை அடைத்தபின், ஒன்பதரை மணிக்குத் தாங்கலில் மீண்டும் நடக்கும். பத்து மணிக்கு வந்தாலும் கதவு திறந்திருக்கும், கஞ்சியும் இருக்கும்.